நெஞ்சு வலிக்கு அட்டை, மன வலிக்குக் காசா?

நெஞ்சு வலி எண்டால் சுகாதார அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பில் வராது. மனம் உடைஞ்சு தனியார் உளவியலாளரிடம் போனால் காசு எங்கட பொக்கட்டில இருந்துதான். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்துக்குள் ஆஸ்பத்திரியும் வைத்தியரும்தான் அடக்கம். வேலைத்தலக் காப்புறுதியிலும் வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு. பெரும்பாலும் சில சந்திப்புகளோடு தீர்ந்துவிடும்.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்புறுதி கொடு என்கிறது. அமெரிக்காவில் 2008இலேயே சமநிலைச் சட்டம் வந்தது. (கொம்பனிகள் சாட்டுச் சொல்லித் தப்பப் பார்க்கிறது வேற கதை.)

பியர்பொன்ட்ஸில் போரைப் பார்த்த அம்மா அப்பாமார் "நித்திரை வருகுதில்லை" என்று மட்டும்தான் சொல்லுவினம். தமிழ் கதைக்கிற உளவியலாளர் கிடைத்தாலும், கட்டணத்தைக் கேட்டதும் திரும்பிவிடுவினம். வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கோ.