பயம் பஸ் ஏறி வர வேண்டுமா?

நம் ஜனங்களுக்கு மனநோய் என்றால் வெட்கம், அதனால்தான் குழந்தைகளை டாக்டரிடம் காட்டுவதில்லை என்று படித்தவர்களிடையே ஓர் அபிப்பிராயம் பலமாக இருக்கிறது. உத்தியோகஸ்தர்களும் மேடையில் இதையே சொல்லுகிறார்கள். குற்றம் ஜனங்களுடையது என்று தீர்ந்துவிட்டால் சர்க்காருக்கு வேலை மிச்சம். நான் இதை ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. இந்த வெட்கத்தை வளர்த்துவிட்டதே சர்க்கார்தான் என்பது என் கட்சி.

'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1794-ல் ஆரம்பித்த பைத்திய ஆஸ்பத்திரி 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. நெடுங்காலம் தமிழ் ஜில்லாக்களுக்கெல்லாம் பெரிய இடம் அது ஒன்றுதான். பலன் என்ன? 600 கிலோமீட்டருக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில், சென்னையையே பார்த்திராத பையன்கூட இன்னொருவனை வைய வேண்டுமானால் அந்தப் பேட்டையின் பெயரைத்தான் சொல்லுகிறான். ஒரு வைத்தியசாலையின் விலாசம் வசவாகிவிட்டது. தூரத்தில், மதிலுக்குள், முற்றிப் போனவர்களுக்கு மட்டும் என்று வைத்தியத்தை ஒதுக்கி வைத்தால் வெட்கம் வராமல் வேறென்ன வரும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்றார்கள். செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று கணக்குப் போட்டார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. ஆட்டை இழந்தவனுக்கு ஆடு பெரிதுதான். ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதை ராத்திரி முழுவதும் பார்த்த குழந்தைக்கு அந்த ஜாபிதாவில் ஒரு வரி கிடையாது.

பிறகு அந்த ஊருக்குப் போயிருந்தேன். பெண்கள் நடமாடுவதற்கென்று வீடுகளுக்குப் பின்னே முடுக்குகள் உள்ள ஊர். ஆண்களில் பலர் கடல் கடந்து பிழைப்பவர்கள். நண்பரின் தாயார் தம் பேரனைப் பற்றிச் சொன்னார். எட்டு வயது. மேகம் கறுத்தால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். ராத்திரி படுக்கையை நனைத்துவிடுகிறான். டாக்டரிடம் காட்டலாமே என்றேன்.

"தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனா, எதுக்குன்னு தெருவே கேக்கும் தம்பி. தண்ணி ஓதிக் குடுத்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? சுத்தமான கணக்கு. 30 கிலோமீட்டர் பஸ், ஒரு நாள் பொழுது, அதற்குமேல் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர். பக்கத்தில் வைத்தியக் கதவு இல்லாதவர்கள் திறந்திருக்கிற கதவைத் தட்டுகிறார்கள்.

சட்டதிட்டங்களுக்குக் குறைவில்லை. 1982-ல் தேசிய மனநலத் திட்டம்; 1996-ல் ஜில்லா மனநலத் திட்டம்; 2017-ன் சட்டத்தில் குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2022-ல் 14416 என்ற டெலிபோன் எண்ணும் வந்தது. எல்லாம் நல்லவைதான். ஆனால் திட்டத்துக்கு உலகம் ஒரு ஜில்லா. எட்டு வயதுப் பையனுக்கு உலகம் ஒரு தெருவும் ஒரு பள்ளிக்கூடமும். 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மேல் மனநலக் கோளாறு இருப்பதாகச் சொல்லிற்று. 40 பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர். அந்த மூவரும் பெஞ்சில் இருக்கிறார்கள். வைத்தியம் ஜில்லாத் தலைநகரில் இருக்கிறது.

பிள்ளையைத் தேடிப் போவது எப்படி என்று சர்க்காருக்குத் தெரியாதா? 1956-ல் காமராஜர் மதிய உணவை இதே சீமையில், எட்டயபுரத்தில்தான் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளை தாலுகா ஆபீசுக்கு வந்து மனுக் கொடுக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. சோறு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் அப்படியே போயிற்று. பந்தியில் எல்லாரும் உட்காருகிறபோது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

டாக்டர்கள் போதாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எல்லாப் பயத்துக்கும் டாக்டர் வேண்டியதில்லை. மழைக்கு நடுங்குகிற பிள்ளையிடம் பேசத் தெரிந்த ஓர் ஆசிரியை முதலில் போதும். அவருக்குப் பயிற்சி கொடுங்கள். பயிற்சியோடு, பாடம் நடத்துவதிலிருந்து கொஞ்சம் நேரமும் ஒழித்துக் கொடுங்கள். அவரால் ஆகாததைப் பார்க்க, வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற அறைக்கே மனநல டாக்டர் வரட்டும். காய்ச்சலுக்கு வந்த பிள்ளையும் அதே பெஞ்சில்தான் காத்திருக்கும். வாசலில் தனிப் பலகை வேண்டாம்.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் காயல்பட்டினத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். அப்புறமும் தாய்மார்கள் வரவில்லை என்றால், ஜனங்களின் வெட்கத்தைப் பற்றி நானும் மேடையேறிப் பேசுகிறேன்.