விமானம் ஏற்றிவிட்டால் தீருமா?

கனடாவின் க்யூபெக் மாகாண வரைபடத்தில் மேலே மூன்றில் ஒரு பங்கை உற்றுப் பாருங்கள். அதற்குப் பெயர் நுனாவிக். ஹட்சன் விரிகுடாவையும் உங்காவா விரிகுடாவையும் ஒட்டி இனூயிட் பூர்வகுடி மக்களின் 14 கிராமங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தெற்கோடு இணைக்கும் சாலை கிடையாது. பக்கத்துக் கிராமத்துக்குப் போவதென்றாலும் பெரும்பாலும் விமானம்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்கு மாதம் நெருங்கினால் என்ன செய்வது? கனடாவின் வடபகுதி முழுவதும் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: வலி எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அவளை விமானத்தில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நுனாவிக்கின் புவிர்னிட்டூக் கிராமத்துப் பெண்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக, 1986இல் அவ்வூர் இனூலிட்சிவிக் மருத்துவமனையில் மகப்பேறு நிலையம் வந்தது. 1998இல் இனுக்ஜுவாக், 2004இல் சல்லுயிட் ஆகிய நுனாவிக் கிராமங்களிலும் அதே போல நிலையங்கள் திறந்தன. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் பழைய வாதங்கள் ஓயவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஆபரேஷன் தியேட்டர் இல்லாத ஊரில் பிரசவம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது."

வாதங்களில் கனமானது இதுதான். இந்த நிலையங்களில் சிசேரியன் செய்ய வசதி கிடையாது. ஏறத்தாழ 1,600 கி.மீ. தள்ளியிருக்கும் மான்ட்ரியால்தான் கதி. போய்ச் சேர நாலு மணி நேரமும் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம்.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? 2000 முதல் 2007 வரை இனூலிட்சிவிக்கின் கவனிப்பில் இருந்த பெண்களின் 1,372 பிரசவங்களை ஆராய்ந்த கட்டுரை 2012இல் 'பர்த்' என்ற ஆய்விதழில் வெளியானது. 86 சதவீதம் நுனாவிக்கிலேயே நடந்தவை. 85 சதவீதப் பிரசவங்களைப் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். 97 சதவீதம் சுகப்பிரசவம். 'சிக்கலான கேஸ்களைத் தெற்கே தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணியிருப்பார்கள்' என்று சந்தேகிக்க வேண்டாம். தெற்கே அனுப்பப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் உண்டு.

குறைப்பிரசவம் 10.6 சதவீதம் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. இது குறைந்த எண் அல்ல, மறைக்கவும் வேண்டாம். ஆனால் நெருக்கடியான வீடுகளும் வறுமையும் புகைபிடித்தலும் இருக்கும் ஊரில், கடைசி மாதத்தில் வந்து நிற்கும் விமானம் குறைப்பிரசவத்தைத் தடுக்கப்போவதில்லை. முதல் மாதத்திலிருந்தே ஊருக்குள் ஒருவர் கவனிக்க வேண்டும்.

யாரை இங்கே வைத்துப் பார்ப்பது, யாரை அனுப்புவது என்பதை ஒற்றை ஆள் முடிவு செய்வதும் இல்லை. மருத்துவச்சிகள், டாக்டர், நர்ஸ் சேர்ந்த பேறுகாலக் குழு வாரந்தோறும் கூடுகிறது. ஒவ்வொரு கர்ப்பிணியின் கோப்பும் மேசைக்கு வருகிறது. ரத்த அழுத்தம், முந்தைய பிரசவங்கள், குழந்தை கிடக்கும் நிலை எல்லாம் பேசப்படும். வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளைகள், அனுப்பினால் அவர்களை யார் பார்ப்பார்கள் என்பதும் பேசப்படும். நகரத்து மருத்துவமனையில் பின்னதை யாரும் ஆபத்து என்று எழுதுவதில்லை. இங்கே அதுவும் கணக்கில் சேர்கிறது.

"விமானம்தான் இருக்கிறதே, முன்கூட்டியே அனுப்பினால் ஆபத்தே இல்லை."

பனிப்புயல் அடித்தால் விமானம் இறங்காது. குழந்தைக்கு அது தெரியாது. 36ஆம் வாரத்தில் அனுப்ப வேண்டும் என்று ஏட்டில் எழுதிவைத்தாலும் 34ஆம் வாரத்தில் வலி எடுக்கிறவர்கள் எங்கும் உண்டு. ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் மாதக்கணக்கை மாற்றிச் சொல்பவர்களும், வலியைக் கடைசிவரை மறைப்பவர்களும் வடக்கில் உண்டு. ஆக, எல்லாரையும் அனுப்புவது என்று கொள்கை வகுத்தாலும் சில குழந்தைகள் கிராமத்தில்தான் பிறக்கும்.

அப்போது எதிரே நிற்பது யார்? வருஷத்துக்கு ஒரு பிரசவம்கூடப் பார்த்திராத நர்ஸ். எல்லாரையும் வெளியே அனுப்பும் ஊரில் பிரசவம் பார்க்கத் தெரிந்த கை மிஞ்சாது. பத்துப் பேரைக் காப்பதாகச் சொல்லும் ஏற்பாடு பதினோராவது ஆளைக் கைவிடுகிறது. மருத்துவச்சிகள் இருக்கும் ஊரில் உதிரப்போக்கை நிறுத்தவும், மூச்சுவிடாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கவும் பழகிய கைகள் எந்நேரமும் இருக்கின்றன.

"சில வாரத் தனிமைதானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?"

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நமக்கு வழக்கம். அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். தாயும் கணவனும் பிள்ளைகளும் இருக்கும் ஊரைவிட்டு, மொழி தெரியாத நகரத்தில், விடுதி அறையில், நாக்குக்குப் பழகாத சாப்பாட்டோடு வலிக்காகக் காத்திருப்பது. கனடிய மத்திய அரசின் மருத்துவப் பயணத் திட்டத்தில், மைனர் பெண்ணாகவோ மருத்துவக் காரணம் உள்ளவராகவோ இருந்தால்தான் துணைக்கு ஒருவர் போகச் செலவு தரப்பட்டது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் துணை உண்டு என்று அறிவித்தது 2017இல்தான். அதுவரை பல பெண்கள் தனியாகவே போய்த் தனியாகவே பெற்றார்கள்.

"உள்ளூர்ப் பெண்களுக்கு என்ன தெரியும்?"

இந்தக் கேள்வியில் மருத்துவத்தைவிட மேட்டிமை அதிகம். புவிர்னிட்டூக்கில் பயிற்சி ஊரிலேயே நடக்கிறது. தங்கள் இனுக்டிடூட் மொழியில் பேசிப் பழகி, மூத்த மருத்துவச்சியோடு நின்று, பிரசவம் பிரசவமாகக் கற்கிறார்கள். ஒவ்வொரு திறமையும் கைவந்த பிறகே அடுத்த படி. க்யூபெக் மாகாணம் மருத்துவச்சித் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் தந்ததே 1999இல்தான். நுனாவிக்கில் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே வேலை தொடங்கிவிட்டது. இன்று அங்கே பயின்றவர்களை மாகாணத்தின் மருத்துவச்சிகள் சங்கம் ஏற்கிறது. கனடாவின் மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2010இல், தொலைதூரப் பூர்வகுடி ஊர்களுக்குப் பிரசவம் திரும்ப வேண்டும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது.

ஊர்ப் பெண்களை நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவது? தெற்கிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவர் ஒருநாள் பெட்டியைக் கட்டத்தான் செய்வார். ஊர்க்காரி ஊரில் இருப்பாள்.

"தமிழ்நாடே ஆஸ்பத்திரிப் பிரசவத்தால்தானே ஜெயித்தது?"

நம் வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால் அந்த வெற்றிக்கு வழிகோலியவற்றில் ஒன்று என்ன? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. அந்த நிலையங்கள் பெரும்பாலானவற்றில் சிசேரியன் கிடையாது. சுகப்பிரசவத்தை நர்ஸ் பார்ப்பார், சிக்கல் தெரிந்தால் மேலே அனுப்புவார். கவனிப்பைப் பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதால் ஜெயித்தோம். புவிர்னிட்டூக் செய்வதும் அதையேதான். நமக்குச் சாலையும் ஆம்புலன்சும் இருக்கின்றன, அவர்களுக்கு வானம் மட்டும்.

விமானமே வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தேவைப்படுகிறவளுக்கு அது வரட்டும். எல்லாரையும் அதில் ஏற்றுவதைத்தான் மறுக்கிறார்கள்.

நம்மூரில் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நுனாவிக்கில் தொப்புள்கொடி வெட்டும் பெண்ணுக்கு 'சனாஜி' என்று பெயர். 'உருவாக்குகிறவள்' என்று அர்த்தம். அந்த உறவு பிறந்த அறையோடு முடிவதில்லை. பையன் வளர்ந்து முதன்முதலில் வேட்டையாடியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவளிடம்தான். கொடியை வெட்டியவர் பெயர் தெரியாத நகரத்து டாக்டராக இருந்தால், அவன் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்?