ஆதாரம் சொல்லாத அச்சம்

1984 டிசம்பரில் மக்களவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தபோது, நாட்டின் முன்னணி நாளிதழ்களில் காங்கிரஸின் முழுப்பக்க விளம்பரங்கள் அடுத்தடுத்து வந்தன. தயாரித்தது ரீடிஃப்யூஷன் விளம்பர நிறுவனம். நாட்டின் எல்லை கடைசியில் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமா என்று கேட்டது ஒரு விளம்பரம். வேறு மாநிலத்தவர் ஓட்டும் டாக்ஸியில் ஏறும்போது ஏன் மனம் உறுத்த வேண்டும் என்று கேட்டது இன்னொன்று.

பிரதமர் இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் கொல்லப்பட்டு சில வாரங்களே ஆகியிருந்தன. அதைத் தொடர்ந்த வன்முறையில், அரசுக் கணக்கின்படியே டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் பலியானார்கள். டெல்லியில் டாக்ஸி ஓட்டியவர்களில் சீக்கியர்கள் ஏராளம். விளம்பரம் யாரையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. வாசகருக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை.

காங்கிரஸ் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் வென்றது. அனுதாப அலை வீசிய தேர்தலில் வெற்றியை விளம்பரத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால், படுகொலையில் இருந்து மீளாத ஒரு சமூகத்தின் மீது சந்தேகத்தைத் தூவும் கேள்வி, காசு கொடுத்து அச்சேற்றப்பட்டது. அதில் மறுப்பதற்கு ஒரு கூற்றுகூட இல்லை. அதன் சாமர்த்தியமும் அநியாயமும் அதில்தான் இருக்கின்றன.

இந்த உத்திக்கு முன்னோடி அமெரிக்காவில் உண்டு. 1964 செப்டம்பர் 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒரு நிமிட விளம்பரம் ஓடியது. ஒரு சிறுமி பூவிதழ்களைப் பிய்த்தபடி எண்ணுகிறாள். ஓர் ஆண்குரல் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. அதிபர் தேர்தலில் நின்ற லிண்டன் ஜான்சனுக்காக எடுக்கப்பட்ட அந்த விளம்பரத்தில், எதிர்த்துப் போட்டியிட்ட பேரி கோல்ட்வாட்டரின் பெயரே இல்லை. களத் தளபதிகளுக்கு அணு ஆயுத அதிகாரம் தருவது பற்றிக் கோல்ட்வாட்டர் பேசியது உண்மை. அது விவாதிக்க வேண்டிய விஷயமும்கூட. விளம்பரம் அந்த விவாதத்தைத் தவிர்த்துவிட்டு நடுக்கத்தை மட்டும் வீட்டுக்குள் அனுப்பியது. கட்டணம் கட்டி ஒரே முறைதான் ஒளிபரப்பினார்கள். மற்றதைச் செய்தி நிகழ்ச்சிகள் பார்த்துக்கொண்டன. ஜான்சன் 44 மாநிலங்களில் வென்றார். அடுத்த மார்ச்சில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். போருக்கு அஞ்சி வாக்களித்தவர்களுக்குப் போரே கிடைத்தது.

உண்மைத் தகவலும் இந்த உத்திக்குப் பயன்படும். 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸுக்கு எதிராக, பரோல் போன்ற விடுப்பில் சென்று குற்றம் செய்த ஒரு கறுப்பினக் கைதியின் முகத்தைக் காட்டி விளம்பரம் வந்தது. அந்தக் குற்றம் நடந்தது மெய்தான். ஆனால், மாசசூசெட்ஸில் அந்த விடுப்புத் திட்டம் 1972-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் காலத்தில் தொடங்கியது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. அதை வெளியிட்டது எதிர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் பிரச்சாரக் குழு அல்ல, அவருக்கு ஆதரவான வெளி அமைப்பு. பொறுப்பேற்கவும் ஆளில்லாமல் போனது.

அச்சமூட்டுவது எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. அச்சத்தைத் தூண்டும் விளம்பரங்களைப் பார்த்தவர்கள் கூடுதல் தகவலைத் தேடுகிறார்கள் என்பதை அரசியல் அறிவியலாளர் டெட் பிரேடரின் ஆய்வுகள் காட்டின. ஒரு சட்டத்தால் வேலை பறிபோகும் என்று எண்ணிக்கையோடு எச்சரிக்கும் கட்சி தன் கடமையைச் செய்கிறது. அதை எதிர்க்கட்சி எண்ணிக்கையோடு மறுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரையே ஆபத்தாகக் காட்டும் படத்துக்கு எந்த எண்ணிக்கையால் பதில் சொல்வது?

இந்தியச் சட்டம் இங்கே தடுமாறுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்க் கூற்றையும் சமூகங்களிடையே பகைமை வளர்ப்பதையும் முறைகேடு என்கிறது. கேள்வியாக வரும் விளம்பரம் இரண்டிலிருந்தும் நழுவப் பார்க்கிறது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவால் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு முன்சான்று கட்டாயமானது. அச்சு விளம்பரங்களுக்கு வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் மட்டுமே அது வேண்டும். இதற்கிடையே, 2023 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுக் கட்சி முழுக்கச் செயற்கை நுண்ணறிவுப் படங்களால் ஆன விளம்பரத்தை வெளியிட்டது. அப்போதைய அதிபர் பைடன் மீண்டும் வென்றால் வரப்போவதாகச் சொன்ன பேரழிவுகளை, நடந்தவை போலவே அது காட்டியது.

அச்சு விளம்பரங்களுக்கான முன்சான்றைப் பிரச்சாரக் காலம் முழுமைக்கும் நீட்டிக்க வேண்டும். ஆபத்தைச் சொல்லும் விளம்பரம் அதற்கான ஆதாரத்தையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். செயற்கைப் படமானால் கண்ணில் படும் அளவு எழுத்தில் அதைச் சொல்ல வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: 1984-இல் அந்தப் பக்கங்களை விற்றவை நாளிதழ்கள்தான். ஆதாரம் இணைக்காத விளம்பரத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவற்றின் விளம்பரப் பிரிவுகளுக்கு இன்றும் இருக்கிறது.