காலிப் பானையும் காலிப் பானையும்

அண்ணாகிராமத்து அன்பர் ஒருவர் விசித்திரமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பியிருக்கிறார். புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்குகள் வாங்கி, ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்படி, லினக்ஸ் யந்திரத்தில் இரண்டையும் ஜோடி சேர்த்தாராம். இன்னும் ஒரு படங்கூட அவற்றில் வைத்தபாடில்லை. ஆயினும் யந்திரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதையோ ஓயாமல் எழுதுகிறதாம். முடிய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறதாம். "காலிப் பானையிலிருந்து காலிப் பானைக்கு எதை ஐயா ஊற்றுகிறது?" என்று கேட்கிறார்.

பானை நமக்குத்தான் காலி. டிஸ்கின் ஒவ்வோர் அணுப்பிரமாண இடத்திலும் பூஜ்யமோ ஒன்றோ இருந்தே தீரும். இரண்டு டிஸ்குகளிலும் அவை ஒரே வரிசையில் இருக்குமென்று யார் உத்தரவாதம் கொடுப்பது? ஜோடி சேர்க்கும் ஏற்பாட்டுக்குப் படம், பாட்டு, கணக்கு என்ற பேதமே தெரியாது. எல்லாம் அதற்கு வரிசை எண் இட்ட கட்டங்கள்தாம். ஆகையால் முதல் டிஸ்கை மூலமாகக் கொண்டு, ஆதி முதல் அந்தம் வரை இரண்டாவதில் பிரதி செய்துவிடுகிறது. நான்கு டெராபைட் டிஸ்கில் விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். கணக்குச் சரிதான்.

இதற்கிடையில் ஜோடியை உபயோகிக்கத் தடையில்லை. புதிதாக எழுதுவது இரண்டிலும் பதிவாகும். பிரதி இன்னும் எட்டாத இடத்தைப் படிக்க வேண்டுமானால் முதல் டிஸ்கிலிருந்தே படிக்கும். யந்திரத்தை ஒழுங்காக நிறுத்திவிட்டு மறுநாள் கிளப்பினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

1988-ல் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர், மலிவான டிஸ்குகளைக் கூட்டிச் சேர்க்கும் முறைகளைப் படிப்படியாக வகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் முதற்படிதான் இந்தக் கண்ணாடிப் பிரதி.

அன்பர் கடிதத்தின் பின்பகுதிதான் எனக்குக் கவலை அளிக்கிறது. தாத்தா காலத்துப் படங்கள் முழுதும் ஒரு பழைய டிஸ்கில் இருக்கின்றனவாம். அதையும் இந்த ஜோடியுடன் மூன்றாவதாகச் சேர்த்துவிட்டால், மூன்றிலும் படங்கள் வந்துவிடும் என்று நினைக்கிறார். ஐயோ, வேண்டாம்! பின்னால் வந்து சேரும் டிஸ்க் எப்பொழுதும் பெற்றுக்கொள்ளும் டிஸ்க். கொடுக்கும் டிஸ்க் அன்று. ஜோடியிலுள்ள வெறுமையை யந்திரம் பரம விசுவாசத்துடன் பழைய டிஸ்கின்மேல் எழுதி, தாத்தாவையும் பாட்டியையும் ஒரே பகலில் துடைத்துவிடும். பிறகு மூன்றும் அட்சரம் பிசகாமல் ஒன்றுபோல இருக்கும் என்பது வாஸ்தவந்தான்!

இரண்டு பிரதிகள் மாறுபட்டால் எது சரி என்று தீர்மானிக்க யந்திரத்துக்கு வழி இல்லை. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கி, பொருளும் யாப்பும் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தார். லினக்ஸ் பொருள் பார்ப்பதில்லை. செப்பனிடச் சொன்னால், முதல் டிஸ்கில் உள்ளதே பாடம்.

பண்ருட்டியை அடுத்த ஊர்க்காரருக்குத் திருவதிகையும் அப்பரும் புதியவர்கள் அல்லர். அப்பர் முதலிய மூவரின் ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் அரசனும் சென்று திறந்தபோது புற்று மூடியிருந்ததையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய எண்ணூறு பதிகங்கள். அந்த அறையில் ஏட்டுக்கு இரண்டு பிரதி அடுக்கியிருந்தாலும் கறையான் இரண்டையுந்தான் தின்றிருக்கும். வேற்றூரில் ஒரு பிரதி இருந்திருந்தால் கதையே வேறு. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததே, அப்படி ஒரு நாளில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரட்டையர் இருவரும் சேர்ந்தே நனைவார்கள். கைதவறி ஒரு படத்தை அழித்தாலோ, அடுத்த க்ஷணமே இரண்டிலும் அழிந்துபோகும்.

ஆகவே அன்பர் பழைய டிஸ்கை ஜோடியில் சேர்க்காமல் தனியே இணைத்து, படங்களை மட்டும் ஜோடிக்குள் பிரதி செய்துகொள்ளட்டும். நாலைந்தைத் திறந்து பார்க்கட்டும். பிறகு பழையதைக் கழற்றித் துணியில் சுற்றி, சிதம்பரத்திலோ விழுப்புரத்திலோ உறவினர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வரலாம்.