கடனா நிவாரணம்?

போஜன சாலைகளை மூடச் சொன்னது சர்க்கார். மூடிய சாலைக்கு வாடகையும், அவ்வாடகையின்மீது வரியும் செலுத்தியவர் ஹோட்டல்காரர். 2020 மார்ச் 25 முதல் ஜூன் 8 வரையேனும் தேசமெங்கும் ஹோட்டல்களில் அமர்ந்து உண்பது தடுக்கப்பட்டிருந்தது. தொற்றுநோயைத் தடுக்க அது அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. அதன் செலவை யார் ஏற்பது என்பதே நம் கேள்வி.

பிரிட்டிஷ் சர்க்கார் 2020 ஜூலை 15 முதல், மது நீங்கலாக, ஹோட்டல் உணவின் வரியை நூற்றுக்கு 20லிருந்து 5 ஆகக் குறைத்தனர். அச்சலுகையை ஹோட்டல்காரர் பலர் விலையில் காட்டவில்லையென்று அங்கே முணுமுணுப்பு எழுந்தது. எழட்டுமே; கடை பிழைக்கவேண்டுமென்பதல்லவா நோக்கம்! நம் நாட்டிலோ 2021 ஜூனில் ரிசர்வ் பாங்கி 15,000 கோடி ரூபாய்க்கு வசதி செய்தது ஹோட்டல், சுற்றுலா முதலிய தொழில்களுக்குக் கடன் கிடைப்பதற்காகவே. வருமானம் இழந்தவன் தலையில் வட்டியும் ஏறிற்று.

இங்கே வரி ஏற்கெனவே 5 தானே என்பர் சிலர். அது அரை உண்மை. 2017 நவம்பர் 15இல் அவ்விகிதம் வந்தபொழுதே, ஹோட்டல்காரர் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை பறிபோயிற்று. கட்டிட வாடகைக்கு வரி நூற்றுக்கு 18. வியாபாரம் நடந்தால் அதை இட்லி விலையில் சேர்க்கலாம். நின்றுபோனால் எதில் சேர்ப்பது?

சர்க்கார் உத்தரவால் மூடிக்கிடக்கும் நாட்களின் வாடகை வரியைத் திருப்பித் தர, சரக்கு சேவை வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும். அடுத்த நோய் வந்தபின் மனு எழுதச் சொல்வது நியாயமன்று.