10¾ கோடிக்கு வாங்கிய ஆளை பெஞ்சில் உட்கார வைப்பதா?
நடராஜனுக்கு நடந்தது நியாயமா? மங்கலம்பேட்டையில் ஓயாத பட்டிமன்றம்!

மங்கலம்பேட்டை:

ஐ.பி.எல். சீசன் வந்துவிட்டால் மங்கலம்பேட்டை டீக்கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. டாஸ் போட்டு 11 பேர் பட்டியல் வந்ததும் சண்டை ஆரம்பம். "அவனை ஏன் எடுத்தான்? இவனை ஏன் விட்டான்?" ஆட்டம் முடிந்தாலும் இந்தச் சண்டை முடியாது.

அதில் 2025-ல் கிளம்பிய கேள்வி ஒன்று இன்னும் ஆறவில்லை. "நம்ம நடராஜனை ஏன்யா உட்கார வெச்சாங்க?"

வாங்கியது எதற்கு?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் டி.நடராஜன். ஊர் மைதானத்தில் டென்னிஸ் பந்து போட்டு மேலே வந்தவர். 2024 சீசனில் ஐதராபாத் அணிக்கு 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார். அந்த அணி பைனல் வரை போனது.

அந்த ஆண்டு நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி அவரைத் தூக்கியது. விலை 10 கோடியே 75 லட்சம் ரூபாய்!

நடந்தது என்ன? டெல்லி ஆடிய 14 லீக் ஆட்டங்களில் நடராஜனுக்கு இடம் கிடைத்தது வெறும் 2 ஆட்டத்தில்தான்!

டெல்லி பக்கமும் பேச நியாயம் உண்டு. முதல் 4 ஆட்டத்தையும் அந்த அணி ஜெயித்தது. ஜெயிக்கிற அணியைக் கலைக்க எந்த கேப்டனுக்கும் மனசு வராது. ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் ஏற்கனவே இடது கையால் வேகமாகப் போட்டுக் கொண்டிருந்தார். சரி, ஒப்புக் கொள்ளலாம்.

ஆனால் அதற்குப் பிறகு? மீதி 10 ஆட்டத்தில் வெற்றி 3 தான். 5-வது இடத்தில் நின்று, பிளே-ஆப் வாய்ப்பே போச்சு! தோற்கும்போதாவது வெளியே இருக்கிறவனைப் பார்க்க வேண்டாமா?

"பணம் வந்துடுச்சே!"

"10 கோடி வாங்கிட்டு சும்மா உட்கார கசக்குதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கசக்கத்தான் செய்யும். 1991-ல் பிறந்த வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு சீசன் என்பது சின்ன விஷயமில்லை. போன வருஷம் போனதுதான். ஆடினால்தானே தேர்வாளர் கண்ணில் படுவான்? உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது கணக்கு?

விருத்தாசலம் பீங்கான் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார். அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் அடுக்கிவிட்டு தீ மூட்டாமல் போனால் அது பொம்மையா? வெறும் பச்சை மண்!

இது புதுசா?

தமிழ்நாட்டு ஆட்டக்காரனுக்கு இது பழைய கதை.

வி.வி.குமார் 1961-ல் பாகிஸ்தானுக்கு எதிராக டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்சிலேயே 5 விக்கெட்! ஆனால் அவர் ஆடிய மொத்த டெஸ்ட் 2 தான்.

வெங்கட்ராகவன் 1974-ல் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக டெல்லி டெஸ்டில் இந்திய கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் 11 பேரில் இடமே இல்லை!

அஸ்வின்? 2021-ல் இங்கிலாந்தில் 4 டெஸ்டிலும் வெளியே. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பைனல். அப்போது உலகின் நம்பர் ஒன் டெஸ்ட் பவுலர் அவர்தான். எதிரணியில் இடது கை ஆட்டக்காரர்கள் 5 பேர். அப்படியும் உட்கார வைத்தார்கள். மேகமூட்டம், வேகப்பந்து எடுபடும் என்று காரணம். ஆஸ்திரேலியா 209 ரன்னில் ஜெயித்தது. இரண்டாவது இன்னிங்சில் அவர்களுடைய சுழல் பவுலர் லயன் 4 விக்கெட் எடுத்தார்!

2024 டிசம்பரில், 106 டெஸ்டில் 537 விக்கெட்டோடு அஸ்வின் ஓய்வு பெற்றார். அந்தத் தொடரில் அதுவரை நடந்த 3 டெஸ்டில் அவர் ஆடியது ஒன்றே ஒன்று.

பெஞ்சு ஜெயித்த ஆட்டம்

வெளியே இருக்கிறவன் லேசுப்பட்டவன் இல்லை என்பதற்கு பிரிஸ்பேன்தான் சாட்சி.

2021 ஜனவரி. பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லாருக்கும் காயம். வேறு வழியில்லாமல் நடராஜனையும் வாஷிங்டன் சுந்தரையும் இறக்கினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். நடராஜன், வலைப் பயிற்சிக்குப் பந்து போடத்தான் விமானம் ஏறியவர். முதல் இன்னிங்சில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் பேட்டிங்கில் 62 ரன் வேறு! 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது. தொடர் இந்தியாவுக்கு.

அந்த நடராஜனுக்கு அதற்கப்புறம் இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை.

முகம் பார்த்துச் சொல்லட்டும்

11 பேர்தான் ஆட முடியும். யாராவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். முடிவு கேப்டனுடையது. அதில் தகராறில்லை. ஆனால் காரணத்தை அந்த ஆளின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். உடம்பு தேறவில்லையா? சொல்லட்டும். பந்தில் வேகம் குறைந்ததா? சொல்லட்டும். என்ன செய்தால் மறுபடி இடம் என்பதையும் சொல்லட்டும். குறை தெரிந்தவன் திருத்திக் கொள்வான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் மனசு உடைந்து போவான்.

டெல்லியைத் திட்டுகிறவர்கள் நம்ம ஊர் டீமையும் கொஞ்சம் பார்க்கட்டும். சந்தா எல்லாரிடமும் ஒரே அளவு. ஆனால் பேட் வாங்கிக் கொடுத்தவர் பிள்ளைக்கு முதல் இறக்கம். கூலி வேலைக்குப் போய்விட்டு சாயந்திரம் ஓடி வருகிற பையனுக்கு தண்ணி பாட்டில் தூக்குகிற வேலை. எத்தனை ஊரில் இந்தக் கதை?

சந்தா கொடுத்தவனுக்கு ஒரு மேட்ச்சில் 2 ஓவராவது கொடுங்கப்பா! தோற்றால் ஒரு கோப்பைதான் போகும். கூப்பிடாமலே விட்டால் ஒரு நடராஜனே போய்விடுவான்!