எங்கள் பிள்ளைகளின் செவியை அடைத்தது யார்?

முஸ்லிம் பிள்ளைக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமில்லை என்ற பொய் எமது பாடசாலைகளில் நீண்டகாலமாக உண்மைபோல உலவி வருகிறது. எந்தச் சுற்றுநிருபமும் அப்படிச் சொல்லவில்லை. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றை அழகியற் பாடமாகத் தெரிவுசெய்யலாம் என்றுதான் கலைத்திட்டம் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் நான் அறிந்த முஸ்லிம் பாடசாலைகளில் அந்த 'ஒன்று' பெரும்பாலும் சித்திரம்தான். சங்கீத ஆசிரியர் இல்லை, ஆகவே மாணவர் இல்லை. மாணவர் இல்லை, ஆகவே ஆசிரியர் நியமனம் இல்லை. ஏன் என்று கேட்டால் அதிபர் வலயக் கல்விப் பணிமனையைக் காட்டுகிறார். பணிமனை பெற்றோரைக் காட்டுகிறது. பெற்றோர் பள்ளிவாசலைக் காட்டுகின்றனர்.

நான் சங்கீத ஆசிரியன் அல்லன். கலாசாலையில் பயின்று வந்து கிராமத்தில் தமிழ் படிப்பிப்பவன். செய்யுள் படிப்பிக்கப் போய்த்தான் இந்த விடயத்துக்குள் வந்தேன். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். கேட்கப் பழகாத செவிக்கு அது மனனம் செய்யவேண்டிய இன்னொரு குறிப்பு மட்டுமே. ஆகவே இதை வேறு யாருடையதோ பாடம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் மறுப்பைப் பார்ப்போம். நரம்புக் கருவிகள் விடயத்தில் எமது ஷாபிஈ மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் தடையென்றே கருதினார்கள். இதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஆனால் அதே மரபில் வந்த இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா உலூமித்தீனில் ஸமாஃ பற்றி ஒரு பெரும் பகுதியையே ஒதுக்கி, எந்த நிபந்தனையில் கூடும், எந்த நிலையில் கூடாது என்று நிதானமாக ஆராய்ந்தார். இப்னு ஹஸ்ம் தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ்களின் பலத்தையே கேள்விக்குட்படுத்தினார். பெருநாளிலும் திருமணத்திலும் தஃப் ஒலித்ததற்கு ஹதீஸ் கிரந்தங்களில் இடமுண்டு. ஆயிரம் ஆண்டு அறிஞர்கள் கருத்து வேறுபட்டு உரையாடிய ஒரு விடயத்தை ஒரே சொல்லில் முடித்துவிடும் அதிகாரத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு யார் கொடுத்தது? வீணை வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். குரலும் றபானும் போதும். ஆனால் கருவியைத் தடுக்கும் வாதத்தைக் கொண்டு பிள்ளையின் குரலையும் சேர்த்தே அடைத்துவிட்டோம்.

நகைமுரண் எதுவென்றால், இந்தப் பிள்ளைகளின் செவியே பயிற்சி பெற்ற செவி என்பதுதான். குர்ஆன் மதரசாவில் ஏழு வயதுப் பிள்ளை மத்தை எத்தனை ஹரகத் நீட்டுவதென்று அறிந்திருக்கிறது. இயல்பான மத்துக்கு 2, மத்து லாஸிமுக்கு 6. ஒரு ஹரகத் குறைந்தால் லெவ்வையின் பிரம்பு அசையும். ஓதலை இசையென்று நான் சொல்லவில்லை. அது இபாதத், அதன் கண்ணியம் வேறு. ஆனால் காலத்தை அளந்து ஒலியை நிறுத்தும் அந்தத் திறன், பாடசாலை வாசலைத் தாண்டியதும் எங்கே போய்விடுகிறது?

இன்னுமொன்று. கர்நாடக சங்கீதத்தில் முதற்பாடம் மாயாமாளவகௌளை. சரளி வரிசை அதிலேதான் தொடங்கும். அதன் முற்பாதியான சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம் என்ற நான்கும் அரபு இசையில் ஹிஜாஸ் என்ற மகாமின் முதல் நான்கு படிகளே. முழு மாயாமாளவகௌளையும் அங்கே ஹிஜாஸ் கார் என்ற பெயரில் இருக்கிறது. நுண்ணிய சுருதி வேறுபாடுகள் உண்டு, ஆனால் சுரத்தானங்கள் ஒன்றே. பல ஊர்களில் பாங்கு சொல்லப்படுவது ஹிஜாஸில். அதாவது சங்கீத வகுப்புக்குள் விடப்படாத எமது பிள்ளை, அந்த வகுப்பின் முதற்பாடத்தில் பாதியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டே வளர்ந்திருக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு கலைத்திட்டம் எழுதுவோர்மீது. தமிழ்மொழி மூலம் சங்கீதம் என்றால் அது கர்நாடக சங்கீதம், அதன் பாடல்களில் பெரும்பகுதி சைவ, வைணவ பக்தி என்றே ஆகிவிட்டது. தேவாரம் சைவப் பிள்ளையின் உரிமை, அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் வகுப்பில் சுரம் படிப்பிக்க ஒரேயொரு சமயத்தின் பாடல்தானா வழி? சுரத்துக்குக் கலிமாவும் இல்லை, திருநீறும் இல்லை. பாடல் கற்பிக்கும் நேரம் முஸ்லிம் பிள்ளையைச் சித்திர வகுப்புக்கு அனுப்பிவிடுவதைச் சிலர் பெருந்தன்மை என்கிறார்கள். நான் அதை வெளியேற்றம் என்கிறேன். தமிழிலே காசிம் புலவரின் திருப்புகழ் இருக்கிறது, குணங்குடி மஸ்தான் சாகிபின் கீர்த்தனைகள் இருக்கின்றன. முனாஜாத்து இருக்கிறது. இவை சங்கீதப் பாடநூலுக்குள் வருவதற்கு என்ன தகுதி குறைவு?

மூன்றாவது குற்றச்சாட்டு எம்மீது, இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எழுத்தாளர்கள்மீது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவியைப் பற்றி நாம் எத்தனை கட்டுரை வாசித்துவிட்டோம்! நிந்தவூரில் எஸ். முத்துமீரான் ஊரூராகத் திரிந்து தொகுத்துத் தந்தார். நாம் அதை எடுத்து உவமை ஆராய்ந்தோம், பெண்ணிலை ஆராய்ந்தோம், மாநாட்டு மலரில் அச்சிட்டோம். ஆனால் கவி அச்சில் வாழும் பொருளா? பரணிலே காவலிருந்தவன் இரவில் இழுத்த இழுப்பு அது. அந்த இழுப்பை எந்த எழுத்தில் எழுதினோம்? வட்டைக்குள் அறுவடை இயந்திரம் வந்தபின் சூடடிப்பும் போய்விட்டது, பொலிப்பாட்டும் போய்விட்டது. பாவாமாரின் பக்கீர் பைத்தைக் கேட்கக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம்வரை காத்திருக்க வேண்டும். போட்டி வந்தால் மட்டும் ஒரு வாரத்துக்கு ஒரு களிக்கம்பு அண்ணாவியாரைத் தேடிப்பிடித்து, பிள்ளைகளை ஆட வைத்து, கிண்ணத்தை அதிபர் அறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டு, அவரை மறந்துவிடுகிறோம்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையைத் தேடிப் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அவருடைய ஊருக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். ஒரே கடற்கரை, ஒரே தமிழ். ஆனால் இசையென்று வந்ததும் இடையில் ஒரு வேலியைப் போட்டுக்கொண்டோம்.

என்ன செய்யலாம்? மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தமிழ்மொழி மூல சங்கீதப் பாடத்தில் கவி, தாலாட்டு, பைத், றபான் தாளம், களிக்கம்பு, பொல்லடி என்பவற்றைப் பரீட்சைப் புள்ளி பெறும் அலகாகச் சேர்க்கவேண்டும். முஸ்லிம் பிள்ளைக்கு மட்டுமல்ல, சைவப் பிள்ளையும் றபான் அடிக்கட்டும். கிராமிய இசையின் சந்தத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் கேட்கட்டும். அதுவரை, ஒலிப்பதிவு வசதியுள்ள கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் ஊரில் கவி தெரிந்த ஒரு மூத்தம்மா இன்னும் உயிரோடு இருப்பார். அவரிடம் போங்கள். அவர் பாடியதை அவருடைய குரலிலேயே வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு நியமனக் கடிதமும் தேவையில்லை, பத்வாவும் தேவையில்லை.

அதையும் செய்யமாட்டோமென்றால், அடுத்த மாநாட்டில் 'எமது பாரம்பரியக் கலைகள்' என்று கட்டுரை வாசிப்பதையாவது நிறுத்திக்கொள்வோம்.